மை கலைந்த பதினொரு பாட்டில்: ஓர் இறுதியாண்டு ப்ராஜெக்ட் குழுவின் தலைமைக் கதை

தர்மபுரி மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் சிவில் துறையில், இறுதியாண்டு மாணவர் நால்வர் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அளக்கும் ப்ராஜெக்ட் ஒன்றை எடுத்தார்கள். ப்ராஜெக்ட் சுமாராகத்தான் முடிந்தது. பரிசு வாங்கவில்லை, செய்தித்தாளில் படம் வரவில்லை. ஆனாலும் பொறியியல் மாணவருக்குத் தலைமைப் பண்பு எதனால் வருகிறது, எதனால் வராமல் போகிறது என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

நான் அதே கல்லூரியில் வேறு துறை ஆசிரியர். அவர்களுடைய கைடு, அதாவது ப்ராஜெக்டுக்கு வழிகாட்டும் ஆசிரியர், என் நண்பர் என்பதால் விஷயம் தெரிய வந்தது. பிறகு நால்வரிடமும் தனித்தனியாகப் பேசினேன். கல்லூரி, ஊர், ஆட்கள் பெயர் எதுவும் இங்கே வராது. லீடர், டிப்ளமோக்காரர், ரிஜிஸ்டர் எழுதிய பெண், நாலாமவர் என்று அடையாளம் வைத்துக்கொள்வோம்.

தண்ணீர்ப் பின்னணி

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறையில் ஃப்ளோரைடு தாதுக்கள் அதிகம். கிணற்றில் தண்ணீர் மேலே நின்ற காலத்தில் இவ்வளவு தெரியவில்லை. நீர்மட்டம் இறங்க இறங்க, போர் ஆழம் கூடக் கூட, பாறை இடுக்கில் பல காலம் தங்கிய தண்ணீர் மேலே வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரித்தால் முன்பல்லில் பழுப்புக் கறை தெரியும். அளவு இன்னும் கூடினால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். இந்திய குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஜப்பான் கடனுதவியுடன் கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்ததே இதற்காகத்தான். அதன் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பு என்று இருக்கிறது.

ஆனால் குழாயில் காவிரித் தண்ணீர் வராத நாளில், குடும்பம் போர் தண்ணீரிடம்தான் திரும்பிப் போகிறது. பென்னாகரம் பக்கத்துச் சில குக்கிராமங்களில் அந்தப் போர்களில் எது எவ்வளவு என்று பார்ப்பதே இவர்களுடைய வேலை.

லீடர் எப்படி லீடரானார்

எங்கள் கல்லூரி வழக்கப்படி ப்ராஜெக்ட் பேட்ச் பிரிப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சி.ஜி.பி.ஏ. என்ற மொத்த மதிப்பெண் சராசரியின் வரிசைப்படி வகுப்பை நான்காக வெட்டி, ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒருவரை எடுத்துச் சேர்ப்பார்கள். முதல் துண்டுக்காரர் தானாகவே லீடர். தலைப்புப் பக்கத்தில் முதல் பெயர் அவருடையது. கைடு போன் செய்தால் எடுப்பது, கல்லூரி வேலையாக வெளியே போக ஓ.டி. ஃபார்மில் கையெழுத்து வாங்குவது, ரிவ்யூவில் பி.பி.டி. போட்டுப் பேசுவது எல்லாம் அவர் தலையில் விழும். மற்ற மூவரும் ஸ்லைடில் ஆளுக்கு ஒன்றை மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள்.

தலைமைப் பண்பு பாடத்திட்டத்தில் இல்லாமல் இல்லை. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014-இல் இந்தியா நிரந்தர உறுப்பானது. அதற்கேற்ப தர அங்கீகாரத்துக்காகப் பல ஆண்டுகளாக எழுதிவந்த பன்னிரண்டு இலக்குகளில் ஒன்பதாவது, குழுவில் உறுப்பினராகவும் தலைவராகவும் திறம்படச் செயல்படுவது. அதற்குச் சான்றாக ஃபைலில் என்ன வைப்பது? ஆண்டுக்கு ஒரு லீடர்ஷிப் செமினார். சேலத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒரு பயிற்சியாளர் வருவார். பலூன் ஊதச் சொல்வார், கை தட்டச் சொல்வார், 'உங்களுக்குள் ஒரு சிங்கம் இருக்கிறது' என்பார். பிள்ளைகளுக்கும் ஒரு மதியம் ஜாலியாகப் போகும். எனக்கு அந்தப் பயிற்சியாளர்கள் மேல் கோபமில்லை. அந்த வருகைப் பதிவை ஒன்பதாவது இலக்குக்கு எதிரே சொருகி வைக்கும் கைகள் மேல்தான் கொஞ்சம் உண்டு.

நம்ம லீடர் வகுப்பில் முதலிடம். அமைதியானவர், நாணயமானவர், புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி செய்பவர். டிப்ளமோக்காரர் பாலிடெக்னிக் முடித்து, ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ட்ரெய்னியாக இருந்துவிட்டு, நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர். மற்றவர்களைவிட வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அண்ணா. இரண்டு அரியர். ரிஜிஸ்டர் எழுதிய பெண் அரசுப் பள்ளியில் படித்து, 2021-இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் சீட் வாங்கியவர். குடும்பத்தில் முதல் பட்டதாரி. நாலாமவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை

முதல் பெரிய களப்பயணம். இரண்டு பைக்கில் நால்வர். போருக்கு ஒரு பாட்டில் வீதம் பதினெட்டு இடத்தில் தண்ணீர் பிடிக்க வேண்டும். ஃப்ளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் பாலிஎத்திலீன் பாட்டில்கள் வாங்கியிருந்தார்கள். அதுவரை சரி.

லீடர் முந்தைய நாள் ஐஸ் பெட்டி ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டார். நீர் மாதிரிகளைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறார். நைட்ரேட், கிருமிப் பரிசோதனை போன்றவற்றுக்கு அது தேவைதான். ஃப்ளோரைடுக்குத் தேவையே இல்லை. சாதாரணமாக வைத்தாலே 28 நாள் தாங்கும். இது டிப்ளமோக்காரருக்குத் தெரியும். லேப் மேனுவலில் அந்த வரியைப் படித்திருக்கிறார். சொல்லவில்லை. பேருந்து நிலையத்துப் பக்கம் மீன் கடையில் ஐஸ் வாங்கி உடைத்துப் பெட்டியில் போட்டவரும் அவரேதான்.

பாட்டில்களில் ஊர்ப் பெயரும் எண்ணும் எழுதியது ஸ்கெட்ச் பேனாவால். வெயில் ஏற ஏற ஐஸ் உருகியது. மண்சாலையில் பைக் குலுங்கும்போதெல்லாம் பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசின. சாயங்காலம் லேபில் பெட்டியைத் திறந்தபோது அடியில் நீலமும் பச்சையுமாகக் கலந்த தண்ணீர். ஏழு பாட்டிலில் எழுத்து தெரிந்தது. பதினொன்றில் மழுங்கிய கறை மட்டும்.

திங்கட்கிழமை ரிவ்யூ.

லீடருக்கு ஒரு யோசனை வந்தது. மோசமான யோசனை என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு போரிலும் தண்ணீர் பிடிக்கும்போதே பேனா மீட்டரை முக்கி, கரைந்த உப்பின் அளவை நோட்டில் ஊர்வாரியாக எழுதியிருந்தார்கள். பதினொரு பாட்டிலிலும் மறுபடி அதே அளவை எடுத்து, நோட்டோடு ஒப்பிட்டால் எது எந்த ஊர் என்று கண்டுபிடித்துவிடலாம். எடுத்தார்கள். நான்கு பாட்டில் சந்தேகமில்லாமல் பொருந்தியது. மீதி ஏழில் எண்கள் ஒட்டி ஒட்டி வந்தன. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு போருக்கு உப்பில் பெரிய வித்தியாசம் எங்கிருந்து வரும்? 'கிட்டத்தட்ட இதுதான்' என்று ஏழுக்கும் பெயர் போட்டு, லீடர் லேப்டாப்பில் அட்டவணையைத் தட்டத் தொடங்கினார்.

அப்போது டிப்ளமோக்காரர் பேசியிருக்கிறார். அவர் சொன்னதை மூவரும் ஏறக்குறைய ஒரே மாதிரி எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். "கம்பெனில டேக் இல்லாத பீஸ் ரெட் பின்னுக்குத்தான்டா போகும். பீஸ் நல்லா இருந்தாலும் போகும். அது யாரு, எந்த லாட்டுன்னு தெரியலன்னா அது இல்லாத மாதிரி."

கொஞ்ச நேரம் வாக்குவாதம். அதன் பிறகு அந்தப் பெண் கேட்ட கேள்விதான் முடிவைத் திருப்பியது. "அந்த டேங்க் கிட்ட ஒரு அக்கா கேட்டாங்கல்ல, இதக் குடிக்கலாமான்னு. அவங்க போர் இந்த ஏழுல எது?"

யாருக்கும் தெரியவில்லை. லீடர் அட்டவணையை அழித்தார். பதினொன்றையும் கணக்கிலிருந்து எடுத்துவிட முடிவானது. என்னைக் கேட்டால், தெளிவாகப் பொருந்திய அந்த நான்கைக் குறிப்போடு வைத்திருக்கலாம், வீணடித்திருக்க வேண்டாம். ஆனால் அந்த இரவில் நுணுக்கம் பார்க்கிற நிலையில் அவர்கள் இல்லை.

ரிவ்யூவில் நடந்தது

திங்களன்று லீடர் ஏழு அளவுகளை மட்டும் காட்டினார். மீதி ஏன் இல்லை என்று கேட்கப்பட்டபோது, "ஐஸ் போடச் சொன்னது நான்தான் சார். லேபிள் போயிடுச்சு. திரும்பப் போய் எடுக்கணும்" என்றார். குழுவில் வேறு யார் பெயரும் வரவில்லை.

அறையில் இருந்த மூத்தவர் ஒருவர், "மார்க்கர் பேனா வாங்கக்கூடத் தெரியாதா?" என்றார். சிரிப்பு. அடுத்த பேட்ச்.

மதிப்பெண் படிவத்தில் பணி முன்னேற்றம், விளக்கக்காட்சி, கேள்விக்குப் பதில் என்று கட்டங்கள். முன்னேற்றக் கட்டத்தில் இவர்களுக்குக் குறைவாக விழுந்தது. அன்று எல்லாக் கட்டமும் நிரம்பிய வழவழப்பான அட்டவணையோடு வந்த வேறொரு பேட்சுக்கு நன்றாக விழுந்தது. அந்த அட்டவணை எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வராந்தாவில் காத்திருந்த மொத்த வகுப்புக்கும் அந்தக் காலையில் ஒரு பாடம் நடந்துவிட்டது: உண்மையைச் சொன்னால் மார்க் போகும்.

மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன் 1990-களில் ஒரு விநோதத்தைக் கண்டார். நன்றாக நடத்தப்பட்ட வார்டுகளில் பிழைக் கணக்கு அதிகமாகப் பதிவாகியிருந்தது. அங்கே பிழைகள் அதிகம் நடந்ததால் அப்படி ஆகவில்லை. நர்சுகள் பயமில்லாமல் வெளியே சொன்னதால் எண்ணிக்கை கூடியது. பேசினால் தலை போகாது என்ற நம்பிக்கை உள்ள குழுவே கற்றுக்கொள்கிறது என்று 1999-இல் அவர் விரிவாக எழுதினார். எங்கள் ரிவ்யூ படிவத்தில் அப்படிப்பட்ட வார்டு நிச்சயம் ஃபெயிலாகும்.

ஆனால் ரிவ்யூவுக்கு முன்பே ஒரு மௌனம் இருந்ததே, அதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். டிப்ளமோக்காரரிடம் கேட்டேன்: ஐஸ் வேண்டாம் என்று தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?

"லீடர் சொன்னாரு சார். ரெண்டு அரியர் வச்சிருக்கிறவன் போய் டாப்பருக்கு என்ன சொல்றது?"

லீடரிடமும் கேட்டேன். "அண்ணா ஒண்ணும் சொல்லல. சொல்லலன்னா சரின்னுதானே அர்த்தம்னு நெனச்சேன் சார்."

சி.ஜி.பி.ஏ.-வால் வந்த பதவியின் கோளாறு இது. வேலையில் யாருக்கு என்ன தெரியும் என்பதற்கும் அந்த வரிசைக்கும் தொடர்பில்லை. தொழிற்சாலையில் நின்றவருக்கு லேபிளின் அருமை தெரியும். ஆனால் வரிசையில் அவர் மூன்றாவது துண்டு. வரிசை அவர் வாயைக் கட்டியது. மேலே நின்றவருக்கோ கேட்க வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. இரண்டு நல்ல பையன்களுக்கு நடுவில் ஒரு ஐஸ் பெட்டி போய் வந்தது.

அம்மாவின் குழு நோட்டு

மாற்றம் கைடிடமிருந்து வந்தது என்று நான் முதலில் நினைத்திருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே அந்தப் பெண்ணைக் கைகாட்டினார்.

அவருடைய அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார். அம்மாவுக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. ஏழாவது படிக்கும்போதிலிருந்து குழுவின் சேமிப்பு, கடன், தவணைக் கணக்கையும் தீர்மானப் புத்தகத்தையும் மகள்தான் எழுதிவருகிறார். அந்தக் குழுவில் கூட்டத்தை ஒரே ஆள் எப்போதும் நடத்துவதில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒருவர் முன்னால் உட்காருவார். யார் வந்தார், யார் பணம் கட்டினார், யாருக்கு ஏன் கடன், யார் எதிர்த்தார் என்று எழுதி, எல்லோரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்த பிறகுதான் எழுந்திருப்பார்கள்.

இது இந்த மாவட்டத்துக்கு அந்நியமான ஏற்பாடு இல்லை. தமிழ்நாட்டில் அரசு மகளிர் குழுக்களைத் தொடங்கியதே 1989-இல், சர்வதேச வேளாண்மை மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு, அன்றைய தர்மபுரி மாவட்டத்தில்தான். 2004-இல் பிரிந்த கிருஷ்ணகிரியும் அப்போது இதற்குள் அடக்கம். பேங்க் வாசலை மிதித்திராத பெண்கள் மேனேஜர் முன்னால் உட்கார்ந்து கணக்குச் சொல்லக் கற்றது இங்கே. தலைமைப் பயிற்சிக்கு வெளியூரிலிருந்து ஆள் அழைக்கும் கல்லூரிக்கு, சனிக்கிழமை சாயங்காலம் கோயில் திண்ணையில் நடக்கும் பயிற்சி கண்ணில் படாதது ஆச்சரியம்தான். எனக்கும் அந்தப் பெண் சொல்லித்தான் உறைத்தது.

அவர் கைடிடம் சொன்னது இவ்வளவுதான்: "நாங்களும் அந்த மாதிரி ஒரு நோட்டு போடலாமா சார்?"

போட்டார்கள். அடுத்த பயணத்திலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பொறுப்பாளர். அன்றைக்கு எங்கே போவது, யார் எதைச் செய்வது, எப்போது திரும்புவது எல்லாம் அவர் முடிவு. தப்பு நடந்தால் அவர் கணக்கு. டாப்பராக இருந்தாலும் அன்று பாட்டில் தூக்கச் சொன்னால் தூக்க வேண்டும். கிளம்பும் முன் ஒவ்வொருவரும் 'இன்னிக்கு எதுல சொதப்பும்' என்று ஒன்றாவது சொல்லியாக வேண்டும். அது நோட்டில் ஏறும். திரும்பி வந்ததும் அரைமணி உட்கார வேண்டும். அதில் பொறுப்பாளர் கடைசியாகத்தான் பேசுவார். கடைசி விதி கைடு சேர்த்தது. முதலில் பொறுப்பாளர் பேசிவிட்டால் மற்றவர்கள் 'ஆமாம்' போட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நோட்டை நான் பார்த்தேன். டிப்ளமோக்காரரின் முதல் குறிப்பு: 'பாட்டில்ல மூடிக்கு ஒரு நம்பர், உடம்புக்கு ஒரு நம்பர். பெர்மனென்ட் மார்க்கர். மேல செல்லோ டேப்.' இன்னொரு பக்கத்தில் லீடரின் கையெழுத்தில்: 'எனக்கு வழி கேட்கக் கூச்சம். அதனால் முக்கால் மணி சுற்றினோம்.' ரிவ்யூவில் இந்த வாக்கியத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். நோட்டில் எழுதிய பிறகு அவர் வழி கேட்கத் தொடங்கினார் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

பெண் பொறுப்பாளரான நாளில் வேறொரு சிக்கல் எழுந்தது. லேடீஸ் ஹாஸ்டலில் ஆறு மணிக்குள் இருக்க வேண்டும். அதனாலேயே எங்கள் கல்லூரியில் களவேலை பையன்களுக்கும், ரிப்போர்ட் டைப் செய்வது பெண்களுக்கும் என்று சொல்லாமலே பிரிந்துவிடுகிறது. பிறகு 'பொண்ணுங்க ஃபீல்டுக்கு வர மாட்டாங்க' என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். அவர் நேரத்தைத் திருப்பிப்போட்டார். விடிகாலை முதல் டவுன் பஸ்ஸில் கிளம்பி, பெண்கள் குழாயடியில் இருக்கும் நேரத்துக்கு ஊருக்குள் போய், மதியத்துக்குள் திரும்புவது. அந்த நேரத்தில் ஊரில் போர் மோட்டாரும் ஓடும், டேங்க் ஆப்பரேட்டரும் இருப்பார். முந்தைய பயணங்களில் மோட்டார் போட ஆளைத் தேடி அலைந்த நேரம் மிச்சமானது.

குடிக்கலாமா, கூடாதா

லேபில் ஸ்பாட்ன்ஸ் என்ற சாயத்தைக் கலந்து பார்க்கும் முறையில் அளந்தார்கள். ஃப்ளோரைடு கூடக் கூட அந்தச் சிவப்புச் சாயம் வெளிறும். வெளிறியதை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் எண்ணாகச் சொல்லும். லிட்டருக்கு 1.4 மில்லிகிராமுக்கு மேல் போனால் மாதிரியை நீர் கலந்து நீர்க்கச் செய்து மறுபடி பார்க்க வேண்டும். சில போர்களுக்கு அப்படிச் செய்ய வேண்டி வந்தது. டேங்க் கிட்டே கேட்ட அக்காவின் போரும் அதில் ஒன்று.

இனி அந்த அக்காவிடம் யார், என்ன சொல்வது? லீடருக்கு ஊராட்சிச் செயலரிடம் அறிக்கை கொடுத்துவிட்டு வந்துவிட விருப்பம். டிப்ளமோக்காரர் நேரே போய்ச் சொல்லிவிடலாம் என்றார். கைடு குறுக்கிட்டது இந்த ஒரு இடத்தில்தான்: மாணவர் அளந்த எண்ணை வைத்து ஊரில் பீதி கிளப்பக் கூடாது; மாவட்டத்தில் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ஆய்வகம் இருக்கிறது, மாதிரியை அங்கே கொடுத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அதிகாரம் எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்வதும் தலைமைதானே. கொடுத்தார்கள். முடிவு வந்த பிறகு அன்றைய பொறுப்பாளர் போய்ச் சொன்னார். அன்று முறை லீடருடையது.

அவர் எப்படிச் சொன்னார் என்று கூட இருந்தவர்கள் நடித்தே காட்டினார்கள். முதலில் "மில்லிகிராம் பெர் லிட்டர்" என்று தொடங்கி, அந்த அம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம்.

"அக்கா, இந்தப் போர் தண்ணி குடிக்கவும் சோறாக்கவும் வேண்டாங்க. துணி, பாத்திரத்துக்கு வச்சுக்கங்க. குடிக்கிறதுக்குக் காவேரித் தண்ணிய ரெண்டு குடம் சேத்துப் புடிச்சு வச்சுருங்க."

"காச்சிக் குடிச்சாப் போவாதா கண்ணு?"

"போகாதுக்கா. தண்ணிதான் சுண்டும், அது சுண்டாது. இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்யும்."

காய்ச்சினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை எங்கும் உண்டு. அதை அந்த இடத்தில் தெளிவாக, பயமுறுத்தாமல் மறுத்தது முதலிடத்து மாணவர். ரிவ்யூவில் ஆங்கிலத்தில் தடதடவென்று பேசியபோது அவரிடம் பார்க்காத ஒன்றை அன்று பார்த்ததாக டிப்ளமோக்காரர் சொன்னார். இந்தக் கதையில் லீடர் கெட்டவரும் இல்லை, அவரை ஓரங்கட்டிவிட்டு இன்னொருவர் லீடராகவும் இல்லை. நாற்காலி சுற்றி வந்தது. அவரும் அதில் மறுபடி உட்கார்ந்தார், இந்த முறை கொஞ்சம் நன்றாக.

தீராத கணக்கு

நாலாமவரைப் பற்றி. பயணத்துக்கு வருவார், சிரிப்பார், செல்ஃபி எடுப்பார், டீ வாங்கித் தருவார். அவருடைய முறை வந்தபோது காய்ச்சல் என்றார். அடுத்த முறை ஊரில் திருவிழா. நோட்டில் அவர் கையெழுத்து எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது; அவர் பொறுப்பேற்ற பக்கம் இல்லை. அவரிடம் பேச உட்கார்ந்தபோதும் "எல்லாம் அவங்கதான் சார் பண்ணாங்க, நல்ல பசங்க" என்று பெருந்தன்மையாக முடித்துக்கொண்டார்.

கைடு ஒரு வழி பார்த்தார். நால்வரும் மற்ற மூவருக்கும் ரகசியமாகப் பத்துக்கு மார்க் போட வேண்டும் என்றார். சீட்டுகளைப் பிரித்தால் எல்லோரும் எல்லோருக்கும் பத்து. ஒரே ஹாஸ்டலில் ஒரே தட்டில் சாப்பிட்டவனுக்கு மூன்று போடச் சொன்னால் யார் போடுவார்? மகளிர் குழுவில் தவணை கட்டாதவரை மற்றவர்கள் விடுவதில்லை. ஏனென்றால் அங்கே அடுத்தவர் கடன் நின்றுபோகும். இங்கே நாலாமவர் சும்மா இருந்ததால் மற்ற மூவருக்கும் ஒரு மார்க்கும் குறையவில்லை. வேலை மட்டும்தான் கூடியது.

வைவாவில் நால்வருக்கும் ஏறக்குறைய ஒரே மார்க். இந்த ஆண்டு பேட்சுக்கு கைடு வேறு மாதிரி முயல்கிறார். நோட்டில் பொறுப்பாளர் பக்கம் இல்லாதவருக்கு இரண்டாம் ரிவ்யூவுக்கு அனுமதிக் கையெழுத்து கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். துறையில் இதற்கு இன்னும் ஒப்புதல் வரவில்லை. படிவத்தில் அப்படியொரு கட்டம் இல்லையாம்.